அசைய மறுத்த குண்டு

1881 டிசம்பர் 31. கார் நிக்கோபார் தீவுக்கு அருகே கடலடியில் பெரிய நிலநடுக்கம். அதன் அளவு 7.9 என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். அன்று இந்தியாவில் நிலநடுக்கத்தைப் பதிவதற்கென்று ஒரு நிலையம்கூட இல்லை. ஆனாலும் அந்த நடுக்கம் சென்னையில் காகிதத்தில் ஏறியது. துறைமுகத்தில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை இரவும் பகலும் கோடாக இழுத்துக்கொண்டிருந்த கருவி ஒன்று, வழக்கமான ஓதத்தின் வளைகோட்டின் மேல் சின்னச் சின்னப் பற்களாக அந்தச் சுனாமியைப் பதிந்து வைத்தது. வங்கக் கடலைச் சுற்றியிருந்த மற்றத் துறைமுகங்களிலும் இதே பற்கள். மிக உயர்ந்த அலை நாகப்பட்டினத்தில். அதுவும் ஒரு மீட்டருக்குள்தான். ஆகவே ஊர் அதை மறந்துவிட்டது. காகிதம் மறக்கவில்லை. ஓர்ட்டிஸ், ரோஜர் பில்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பழைய கோடுகளைக் கொண்டே நிலநடுக்கத்தின் அளவையும் உடைந்த கடலடிப் பகுதியையும் கணக்கிட்டு 2003இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டு டிசம்பரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தத் துறைமுகக் கோடுகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. ஒருபுறம் கடல், மறுபுறம் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம், சுற்றிலும் அனல்மின் நிலையமும் துறைமுகங்களும் ஆலைகளும். நிலநடுக்கத்துக்கு இந்த ஊரில் இரண்டு வாசல்கள்: ஒன்று நிலம் வழியாக, மற்றொன்று நீர் வழியாக. நிலத்தின் வழியாக வருவது முதலில் வந்து சேரும். அதைப் படிக்கும் கருவி எப்படிப் பிறந்தது, அது எப்படி வீட்டுக்குள் வந்தது என்பதே இந்தக் கதை.

முதல் சிக்கல், அளப்பவனும் ஆடுகிறான் என்பது. நிலம் நகரும்போது அதன்மேல் இருக்கும் மேசை, அளவுகோல், கண் எல்லாமே சேர்ந்து நகர்கின்றன. எதை வைத்து அளப்பது? நகராத ஒன்று வேண்டும். கனமான பொருள் ஒன்றைத் தளர்வாகத் தொங்கவிட்டால், கீழே நிலம் சட்டென்று நகரும்போது அந்தக் கனம் உடனே கூடவராது. இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். நிலத்துக்கும் அந்தக் குண்டுக்கும் இடையே உண்டாகும் விலகலை அளந்தால் போதும். சீனத்தில் கி.பி. 132இல் சாங் ஹெங் செய்த வெண்கலப் பாத்திரத்திலிருந்து இன்றைய கருவி வரை அடிப்படை இதுதான். சாங் ஹெங்கின் பாத்திரம் நிலம் ஆடியதா, எந்தத் திசையில் என்பதை மட்டும் சொன்னது. ஆடியது எவ்வளவு, எத்தனை நேரம் என்று சொல்ல இன்னும் 1,700 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஜான் மில்ன் டோக்கியோவில் சுரங்கவியலும் நிலவியலும் கற்பிக்கப் போன ஆங்கிலேயர். 1875இல் புறப்பட்டு சைபீரியா வழியாக மாதக்கணக்கில் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். 1880 பிப்ரவரி 22இல் யோகோஹாமா நடுக்கம் வீடுகளின் புகைபோக்கிகளைச் சாய்த்தது. அதே ஆண்டில் அவரும் நண்பர்களும் சேர்ந்து ஜப்பான் நிலநடுக்கவியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஜேம்ஸ் யூயிங், தாமஸ் கிரே, மில்ன் ஆகிய மூவரும் அங்கே ஒருவர் கருவியை ஒருவர் திருத்திக்கொண்டே போனார்கள். நடுக்கம் வரும்வரை காத்திருக்கவும் மில்ன் தயாராக இல்லை. கனத்த இரும்புக் குண்டை உயரத்திலிருந்து விழவைத்தார், வெடிமருந்து வைத்து வெடித்தார். செயற்கையாக நிலத்தை அதிரவைத்துக் கருவிகளைச் சோதித்தார்.

ஆனால் கருவியின் இதயம் அதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து வரும் அதிர்வு மெதுவானது. ஓர் ஆட்டத்துக்கு 15, 20 விநாடி எடுக்கும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் தொங்கும் குண்டும் அதே அளவு சோம்பலாக ஆட வேண்டும். சாதாரண ஊசலை 20 விநாடிக்கு ஒரு முறை ஆடவைக்க, கயிறு ஏறக்குறைய 100 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். எந்த வீட்டில் வைப்பது? லோரென்ஸ் ஹெங்க்ளர் 1832இல் சொன்ன வழி எளியது. கீல் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கும் வாசற்கதவு, திறந்துவிட்டால் மெதுவாகத் தானே ஆடி வந்து ஓரிடத்தில் நிற்கும். அதுபோல ஒரு தண்டைப் படுக்கைவாட்டில் வைத்து, நுனியில் குண்டைக் கட்டி, மேலிருந்து கம்பியால் தாங்கி, தாங்கும் தூணை மிகச் சிறிதளவு சாய்த்துவிட்டால், ஒரு மீட்டர்கூட இல்லாத தண்டு நூறு மீட்டர் ஊசலின் நிதானத்தோடு ஆடும். சாய்வைக் குறைக்கக் குறைக்க ஆட்டம் இன்னும் மெதுவாகும். இன்று கொல்லைப்புறக் கொட்டகையில் கருவி செய்யும் எவரும் முதலில் கற்கும் பாடம் இதுதான்.

இந்தக் கருவியின் வல்லமை தெரிந்தது தற்செயலாகத்தான். எர்ன்ஸ்ட் ஃபான் ரெபூர் பாஷ்விட்ஸ் என்ற ஜெர்மானிய வானியலர், வான்பொருள்களின் ஈர்ப்பால் நிலத்தில் உண்டாகும் நுண்ணிய சாய்வை அளக்க இத்தகைய ஊசல் ஒன்றை போட்ஸ்டாமில் வைத்திருந்தார். 1889 ஏப்ரல் 17 அன்று கோடு திடீரெனத் துள்ளியிருந்தது. பின்னர் ஒரு அறிவியல் இதழில், டோக்கியோவில் அன்று நடுக்கம் நேர்ந்த செய்தியைப் படித்தார். நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒன்றே என்று புரிந்தது. பூமியின் உடல் வழியாகச் செய்தி வருகிறது! உலகின் எந்த மூலையில் நிலம் பெரிதாக ஆடினாலும் இருந்த இடத்திலிருந்தே படிக்கலாம். இதைக் கண்டவர் 1895இல் காசநோயால் இறந்தார். அப்போது வயது 34. அறிவியல் வரலாற்றில் அவர் பெயருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

அதே 1895இல் டோக்கியோவில் மில்னின் வீடு தீப்பிடித்து, நூல்களும் கருவிகளும் பதிவுகளும் எரிந்துபோயின. மனைவி தோனேயையும் உதவியாளர் ஹிரோட்டாவையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்தின் வைட் தீவில் ஷைடு என்ற சிற்றூரில் குடியேறினார். அங்கே தம் வீட்டிலேயே கருவியை நிறுவினார். உலகெங்கும் அதே மாதிரிக் கருவிகளை வைக்கச் செய்து, அங்கிருந்து வந்த பதிவுகளை எல்லாம் அந்த வீட்டு மேசையில் வைத்து ஒப்பிட்டார். உலக நிலநடுக்கவியலின் தலைமையகம் பல ஆண்டுகள் ஒரு தனி மனிதரின் வீடாக இருந்தது. வீட்டில் கருவி வைப்பவர்களைப் பொழுதுபோக்கு ஆசாமிகள் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நம் பக்கம் அந்தக் கருவி வந்ததற்குக் காரணம் பேரழிவுதான். 1897 ஜூன் 12இல் அசாமை உலுக்கிய நடுக்கத்துக்குப் பிறகு, 1898 டிசம்பரில் கல்கத்தாவின் அலிப்பூரிலும் 1899இல் பம்பாய் கொலாபாவிலும் கொடைக்கானலிலும் நிலையங்கள் தொடங்கின. சூரியனைப் பார்ப்பதற்காக மலையுச்சியில் எழுந்த கொடைக்கானல் ஆய்வகம், அப்படியே பூமியைக் கேட்கும் இடமும் ஆயிற்று. அசாம் நடுக்கத்தைப் பற்றி விரிவான அறிக்கை எழுதிய இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஆர். டி. ஓல்டாம், தொலைதூரப் பதிவுகளில் மூன்று வகை அலைகளைப் பிரித்துக் காட்டினார்: முதலில் வரும் அழுத்த அலை, அடுத்து வரும் குறுக்கலை, கடைசியாக மேற்பரப்பை ஒட்டி உருண்டுவரும் நீண்ட அலை. 1906இல் அதே அலைகளைக் கொண்டு பூமிக்குள் தனியான கரு ஒன்று இருப்பதையும் காட்டினார்.

முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் இடையிலான நேரத்தில்தான் தொலைவு ஒளிந்திருக்கிறது. அருகில் நடக்கும் நடுக்கத்துக்கு அந்த விநாடிகளை எட்டால் பெருக்கினால் ஏறத்தாழக் கிலோமீட்டர் கிடைத்துவிடும். 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணிவாக்கில் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் நடுக்கம் வந்ததே, சென்னைக்காரர்கள் வீட்டைவிட்டு வெளியே ஓடிவந்தார்களே, அதுபோல் 150 கி.மீ. தொலைவில் ஒன்று நிகழ்ந்தால் இரண்டு அலைகளுக்கும் நடுவே பதினெட்டுப் பத்தொன்பது விநாடி இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் போடக்கூடிய கணக்கு. இப்படி மூன்று ஊர்களிலிருந்து தொலைவு தெரிந்தால் நடுக்கத்தின் இடமே தெரிந்துவிடும்.

மில்னின் கருவியில் ஒரு குறை இருந்தது. ஒருமுறை ஆடத் தொடங்கிய தண்டு நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். எது நிலத்தின் ஆட்டம், எது குண்டின் ஆட்டம் என்று பிரிக்க முடியாது. ஜெர்மனியின் எமில் வீஹெர்ட் ஆட்டத்தைத் தணிக்கும் அமைப்பைச் சேர்த்தார். ரஷ்யாவின் போரிஸ் கலிட்சின், குண்டோடு கம்பிச்சுருளைக் கட்டி அதைக் காந்தத்துக்கு நடுவே வைத்தார். நிலம் ஆடினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அதைத் தேவையான அளவு பெருக்கிக்கொள்ளலாம். இந்த மாற்றம்தான் கருவியைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் லேமன் வடிவமைத்த வீட்டுக் கருவியை 1979இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழ் படத்தோடு விளக்கியது. அதைப் பார்த்து எத்தனையோ பேர் கொட்டகையிலும் நிலவறையிலும் செய்து வைத்தார்கள். பிறகு ஐடாஹோவைச் சேர்ந்த டெட் சேனல், படிகளில் தானே இறங்கும் ஸ்லிங்க்கி என்ற கம்பிச்சுருள் பொம்மையைக் குழாய்க்குள் தொங்கவிட்டு, அதன் அடியில் காந்தம் கட்டி ஒரு கருவி செய்தார். பல பள்ளிகளுக்கு அது போயிற்று. 2016இல் பனாமாவிலிருந்து ராஸ்பெரி ஷேக் வந்தது: கையடக்கக் கணினி ஒன்றில் ஜியோஃபோன் என்ற சிறிய அதிர்வு உணரியைப் பொருத்திய பெட்டி. இணையத்தில் இணைத்துவிட்டால் உலகின் மற்றப் பெட்டிகளோடு அது தானே சேர்ந்துகொள்ளும்.

வடசென்னையில் ஒருவர் செய்ய நினைத்தால் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. குண்டுக்கு வலையில் கோக்கும் ஈயம். தண்டுக்கு அலுமினியக் குழாய். காந்தமும் கம்பிச்சுருளும் எண்ணிலக்கமாக்கும் சில்லும் ரிச்சி தெருவில் கிடைக்கும். தாங்கும் கம்பிக்கு மட்டும் தங்கூசி நரம்பைப் பயன்படுத்தக் கூடாது. அது சுமையில் நாளாக நாளாக நீளும், எஃகுக் கம்பிதான் வேண்டும். ஆட்டத்தைத் தணிக்க, தண்டோடு ஒரு செப்புத் தகட்டைப் பொருத்தி வலிய காந்தங்களுக்கு நடுவே ஆடவிடலாம். கருவி தரைத்தளத்தில், சுவரைத் தொடாத கான்கிரீட் மேடையில் இருக்க வேண்டும். மாடியில் வைத்தால் கட்டடத்தின் ஆட்டம்தான் பதிவாகும். மின்விசிறிக் காற்று படாமல் பெட்டியால் மூட வேண்டும். கடிகாரம் பிசகக் கூடாது. நேரம் தவறிய பதிவால் ஒரு பயனும் இல்லை.

வைத்தபின் முதலில் தெரிவது நிலநடுக்கமாக இருக்காது. எண்ணூர் விரைவுச் சாலையில் போகும் கன்டெய்னர் லாரியும் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலும்தான் தெரியும். இரவில் அவை அடங்கியபின் ஐந்து முதல் எட்டு விநாடிக்கு ஒருமுறை ஓயாமல் ஒரு நெளிவு வந்துகொண்டிருக்கும். அது கடல். அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால் கடலடி நிலம் எப்போதும் மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கிறது. புயல் உருவானால் நெளிவு பெரிதாகும். பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் எஸ். கே. பானர்ஜி, இந்தியக் கடல்களின் கொந்தளிப்புக்கும் இந்த நெளிவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1930இல் எழுதினார். கடலை நம்பிப் பிழைக்கும் ஊரில் இந்தக் கருவிக்கு அன்றாட வேலை உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இப்போது 2004க்கு வருகிறேன். டிசம்பர் 26 காலை 6 மணி 28 நிமிடத்தில் சுமத்ராவுக்கு அருகே கடலடி பிளந்தது. அங்கிருந்து எண்ணூர் ஏறத்தாழ 2,000 கி.மீ. முதல் அலை நான்கேகால் நிமிடத்தில் இங்கு வந்துவிடும்; அதாவது 6.33. குறுக்கலை இன்னும் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். சென்னையில் சிலர் கட்டில் ஆடியதை உணர்ந்தார்கள், பலர் உணரவேயில்லை. கடலில் படகில் இருந்தவருக்கு எதுவும் தெரிய வாய்ப்பில்லை. சுனாமி வந்தது ஒன்பது மணியை ஒட்டி. நடுவே இரண்டரை மணி நேரம். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள்.

நிலம் பலமாக ஆடினால் மேட்டுக்கு ஓடு என்பது அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் பொருந்தும் விதி. நமக்கு அது போதாது. நம் கரைக்குச் சுனாமி அனுப்பக்கூடிய நடுக்கம் 1,000, 2,000 கி.மீ. அப்பால் நிகழ்வது. இங்கே அது வந்து சேரும்போது மெல்லிய, மிக மெதுவான, நீண்ட ஆட்டம் மட்டுமே. காலுக்குத் தெரியாத அந்த ஆட்டத்தைத்தான் மில்ன் வழிவந்த குண்டு மிகத் தெளிவாக வரையும். வீட்டுக் கருவி சென்னைக் கரையில் தேவைப்படுவதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். இது எந்த நடுக்கத்தையும் முன்கூட்டிச் சொல்லாது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் அதே கடலில் 8.6 அளவு நடுக்கம் வந்து சென்னைக் கட்டடங்கள் ஆடின, எச்சரிக்கையும் வந்தது. ஆனால் பெரிய சுனாமி இல்லை, கடலடி மேலெழாமல் பக்கவாட்டில் சறுக்கியதால். வீட்டுக் கருவியின் கோடு அந்த வேறுபாட்டைச் சொல்லாது. அதைச் சொல்வது 2007 அக்டோபரிலிருந்து இயங்கும் ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம். கருவியின் கோடு துள்ளினால் செய்ய வேண்டியது ஊரைக் கிளப்புவதல்ல. அந்த மையத்தின் அறிவிப்பை அந்த நிமிடமே தேடிப் பார்ப்பதும், கரையில் இருப்பவரை விழிப்பாக இருக்கச் சொல்வதும்.

வீட்டுக்கும் இந்தக் கருவிக்கும் ஓர் ஆழமான உறவு இருக்கிறது. கருவிக்குள் கனம் நகர மறுப்பதால் நமக்கு அறிவு கிடைக்கிறது. வீட்டுக்குள் அதே கனம் நகர மறுப்பதால் வீடு உடைகிறது. நிலம் அஸ்திவாரத்தை இழுத்துக்கொண்டு போகும். மேலேயிருக்கும் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் வரமாட்டேன் என்று நிற்கும். நடுவில் மாட்டிக்கொள்வது பில்லரும் சுவரும். ஆகவே மேலே சுமையைக் குறைப்பதும் மேலையும் கீழையும் விடாமல் கட்டிப்போடுவதுமே வீட்டைக் காப்பதன் முழுப் பொருள்.

2002இல் இந்தியத் தரநிலை வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. அதாவது மிதமான ஆபத்து. கவனித்துக் கட்டினால் தாங்கிவிடலாம். செங்கல் வீட்டில் அடித்தள மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் எல்லாச் சுவரையும் சுற்றிவரும் கான்கிரீட் பெல்ட் வேண்டும். கதவு ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போடுவது சிக்கனம் போலத் தெரியும். ஆட்டத்தில் சுவர்கள் மூலையில் பிரிந்து ஆளுக்கொரு திசையில் விழும். பில்லரின் ரிங் கம்பியை முனையில் 90 பாகையில் மடித்து விட்டுவிடக் கூடாது. 135 பாகைக்கு உள்நோக்கி மடிக்க வேண்டும். இல்லையேல் ஆடும்போது ரிங் திறந்துகொள்ளும், பில்லர் பிதுங்கும். கம்பி கட்டுபவரிடம் நின்று பார்த்துச் சொன்னால் கூடுதல் செலவு மிகச் சிறியது. ஐ.ஐ.டி. கான்பூர் வெளியிட்ட பேராசிரியர் சி. வி. ஆர். மூர்த்தியின் நிலநடுக்கக் குறிப்புகளில் இவையெல்லாம் படங்களோடு இருக்கின்றன. ஒவ்வொரு கொத்தனாரும் பார்க்க வேண்டியவை.

நெட்டுக்குப்பம் போன்ற ஊரில் வீட்டின் முதல் எதிரி உப்பு. கடற்காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. மூடல் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. அதில் பாதிகூட இல்லாத பில்லர்களில் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்து நிற்பதைக் கடலோரக் குடியிருப்புகளில் நிறையப் பார்க்கலாம். அப்படிப்பட்ட பில்லர் மேல் இன்னொரு மாடி எழுப்புவது தெரிந்தே செய்யும் தவறு. வெடிப்பைச் சிமென்ட் பூசி மறைக்காமல், துருவைச் சுரண்டி எடுத்து முறையாகச் சரிசெய்ய வேண்டும். அடுத்தது மணல். தளர்ந்த ஈரமணல் பலமாகக் குலுங்கினால் சேறுபோல் இளகிவிடும். வீடு உடையாமலே சாய்ந்துவிடும். இது தனி மனிதர் தீர்க்கும் பிரச்சினை அல்ல. அரசு கட்டித்தரும் குடியிருப்புகளுக்கு மண்பரிசோதனை அறிக்கையைக் கேட்டுப் பார்க்கும் உரிமை அங்கே குடிபோகிறவர்களுக்கு இருக்க வேண்டும்.

தொழிற்சாலைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத்திணறி ஓடினார்கள். நடுக்கம் எதுவும் இல்லாமலே அது நடந்தது. நிலம் ஆடினால் எந்தக் குழாய், எந்தத் தொட்டி தானே மூடிக்கொள்ளும், யார் எந்தச் சைரனை ஒலிப்பார்கள் என்பதை ஆலைகள் இந்தக் குப்பங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். இதை ஒரு கோரிக்கையாகவே வைக்கிறேன். வாடை வந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நகர வேண்டும் என்பதை வீட்டிலுள்ள குழந்தைக்கும் சொல்லி வைக்கலாம்.

இந்தக் கருவியை வைக்கப் பொருத்தமான இடம் பள்ளிக்கூடம்தான். ஒரு மூலையில் கான்கிரீட் மேடை, ஒரு கணினி, ஆர்வமுள்ள ஒரு ஆசிரியர் இருந்தால் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு வாரமும் கோட்டைப் படித்து, கடல் எப்படி இருந்தது, தொலைவில் எங்கே நிலம் ஆடியது என்று கரும்பலகையில் எழுதலாம். நிலையத்தின் பெயராக நெட்டுக்குப்பம் என்றே உலகப் பட்டியலில் ஏறும். செலவை ஏற்கச் சுற்றியுள்ள நிறுவனங்களில் ஒன்று முன்வந்தால் நல்லது. வராவிட்டால் ஈயமும் எஃகுக் கம்பியும் கொண்டு செய்துவிடலாம்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் வீட்டில் இருக்கின்றன. பீரோவை இரும்புப் பட்டையால் சுவரோடு திருகிவிடுங்கள். கட்டிலுக்கு நேர் மேலே பரணில் இருக்கும் அண்டாவை இறக்குங்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைச் சும்மா செங்கல் அடுக்கில் நிறுத்தாமல் அடியோடு கட்டுங்கள். சிலிண்டர் வால்வை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று வீட்டில் எல்லோருக்கும் இன்றே காட்டிக் கொடுங்கள். ஆட்டம் தொடங்கினால் உறுதியான மேசையின் கீழ் தலையைக் காத்து, அடங்கியபின் வெளியேறுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துடையது 1070. இரண்டையும் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள்.